பெடல் ஸ்டீலுக்கு ரேக் ஆம்ப்: பெட்டிகள் சந்திக்கும் இடங்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே எடுத்துக்கொண்டது அடிக்கடி கண்ணில் படும் ஒரு மாற்றம். கழுத்துக்குப் பத்துத் தந்தி, இரட்டைக் கழுத்துப் பெடல் ஸ்டீல்: தந்திமேல் இரும்புப் பாரை நகர்த்தி, பெடலால் சுருதியை மாற்றி வாசிக்கும், படுக்கைவாட்டில் நிற்கும் கிட்டார். வெளிக் கழுத்தின் சுருதி அமைப்பு ஈ9, உள் கழுத்தினுடையது சி6. இதுவரை 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றும் 200 வாட்டும் கொண்ட கோம்போ ஆம்ப், அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில். ஒலியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெட்டி 30 கிலோவை ஒட்டி வரும், ஸ்டீரியோ ரிவெர்ப், டிலே போட வழியில்லை. எனவே அதற்குப் பதிலாக ரேக் ஒன்று, அதாவது தனித்தனிப் பெட்டிகளை ஒரே சட்டத்தில் அடுக்கிய அமைப்பு, கட்டப்படுகிறது.

முதல் அமைப்பு இதுதான்: கிட்டார் பிரீஆம்பும் (முதல்கட்டப் பெருக்கி) எஃபெக்ட்ஸும் சேர்ந்த 1 யூனிட் (ரேக்கின் உயர அளவு) டிஜிட்டல் பிராசஸர், மேடை ஒலிபெருக்கிக்கான இரண்டு சேனல் பவர் ஆம்ப், சேனலுக்கு 8 ஓமில் 90 வாட், 4 ஓமில் 150 வாட், 12 அங்குல ஸ்பீக்கரும் மேல்ஸ்தாயிக்கான ஹார்னும் கொண்ட இரண்டு 8 ஓம் கேபினெட், பழைய 500 கிலோ ஓம் பாட் (மாறும் மின்தடை) வைத்த வால்யூம் பெடல் (இனி வெறுமனே ‘பெடல்’ என்றால் இதுதான்), பெடலிலிருந்து ரேக்குக்கு 6 மீட்டர் கேபிள். ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல சரக்கு. சேர்த்து வாசித்தால் ஐந்து குறைகள்:

பெடல் பாதி அழுத்தத்தில் ஒலி மங்குகிறது, முழுதாக அழுத்தினால் காதைக் குத்துகிறது. மூன்று தந்தியை ஒன்றாகப் பலமாகப் பறித்தால் வெடிப்பு கேட்கிறது, பவர் ஆம்பின் மீட்டரோ பாதியைக்கூடத் தொடவில்லை. விரல் பிக்கின் உரசலும் பார் தந்தியில் நகரும் சத்தமும் இசைக்கு முன்னே வந்து நிற்கின்றன. சி6 கழுத்தின் கீழ்த் தந்திகளில் கனம் இல்லை, கோரஸ் போட்டால் இன்னும் மோசம். கூடவே ஹம் எனும் மின் ரீங்காரம், இருக்கையைத் திருப்பினால் அது கூடிக் குறைகிறது.

இந்த இடத்தில் பலர் பிராசஸரை மாற்றுவார்கள். அடுத்ததையும் மாற்றுவார்கள். குறை அங்கே இல்லை. கோம்போவில் பிக்கப் முதல் ஸ்பீக்கர் வரை ஒவ்வொரு கட்டத்தையும் அடுத்த கட்டத்தோடு பொருத்தும் வேலையை வடிவமைத்தவர் முடித்துவைத்திருக்கிறார். ரேக்கில் அந்த வேலை வாங்குபவர் தலையில் விழுகிறது. எந்தப் பெட்டி நல்லது என்பதைவிட, ஒரு பெட்டியின் வெளியீடும் அடுத்ததன் உள்ளீடும் எந்த எண்ணில் சந்திக்கின்றன என்பதுதான் ஒலியைத் தீர்மானிக்கிறது.

பிக்கப், பெடல், கேபிள்

சாதாரண கிட்டாரின் சிங்கிள் காயில் பிக்கப் 6 கிலோ ஓம் அளவில் இருக்கும். பெடல் ஸ்டீலின் சிங்கிள் காயில் 17, 18 கிலோ ஓம் வரை சுற்றப்பட்டிருக்கும். சுற்று கூடினால் இண்டக்டன்ஸும் கூடும். அடுத்து வரும் சுமை ட்ரெபிளை எளிதில் விழுங்கிவிடும். 500 கிலோ ஓம் பாட்டும் 1 மெகா ஓம் பிரீஆம்ப் உள்ளீடும் இணையாக நின்றாலே பிக்கப் பார்ப்பது ஏறத்தாழ 333 கிலோ ஓம். பிராசஸரின் பின்பக்க லைன் உள்ளீடு பெரும்பாலும் சில பத்து கிலோ ஓம்தான். பிக்கப்பை நேரே அதில் செருகினால், எந்த ஈக்யூவாலும் மீட்க முடியாத அளவுக்கு மேல்ஸ்தாயி போய்விடும்.

முதல் குறைக்குக் காரணம் இதற்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. பாட் மின்தடையின் நடுப்புள்ளியில் நிற்கும்போது அதன் வெளியீட்டு மின்மறுப்பு உச்சத்தில் இருக்கும். 500 கிலோ ஓம் பாட்டுக்கு அது 125 கிலோ ஓம். கேபிளின் கொள்ளளவு மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்றால் 6 மீட்டருக்கு 600 பிகோஃபாரட். இந்த இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 2,120 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதைக் குறைக்கும் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் ஆகின்றன. பெடலை முழுதாக அழுத்தினால் பாட்டின் பங்கு மறைகிறது, ஃபில்டர் திறந்துகொள்கிறது. ஆக, ஒலி அளவு மாறும்போதெல்லாம் ஒலியின் நிறமும் மாறுகிறது. பழைய கோம்போ பெடலுக்குப் பக்கத்திலேயே நின்றதால் 2 மீட்டர் கேபிள் போதுமாக இருந்தது, அதே ஃபில்டர் 6,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருந்தது. ரேக்கை மேடையின் பின்பக்கம் தள்ளிவைத்ததுமே குறை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

பெடலுக்கு முன்னால் ஒரு பஃபர் (உள்ளீடு உயர், வெளியீடு தாழ் மின்மறுப்பு கொண்ட சிறு சுற்று) வைத்தால் போதும் என்று பரவலாகச் சொல்வார்கள். பாதிதான் சரி. முன்னால் வைத்த பஃபர் பிக்கப்பின் சுமையைக் குறைக்கும். பாட்டுக்குப் பின்னால் இருக்கும் 125 கிலோ ஓமையும் 600 பிகோஃபாரட்டையும் அது தொடாது. முழுத் தீர்வுக்கு மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, பாட் இல்லாத மின்னணுப் பெடல். உள்ளீடு உயர் மின்மறுப்பு, வெளியீடு தாழ் மின்மறுப்பு. கேபிள் எவ்வளவு நீளமானாலும் கவலையில்லை. அடாப்டர் வேண்டும், அந்த அடாப்டர் செத்தால் வாசிப்பும் நிற்கும்.

இரண்டு, பழைய பெடலை வைத்துக்கொண்டு முன்னால் ஒரு பஃபர், பின்னால் அரை மீட்டருக்குள் இன்னொரு பஃபர்.

மூன்று, முன்னால் பஃபர், பெடலில் 500க்குப் பதில் 50 கிலோ ஓம் பாட். நடுப்புள்ளியில் வெளியீடு 12.5 கிலோ ஓம். அதே 6 மீட்டர் கேபிளோடு ஃபில்டர் 21,000 ஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது. செலவு மிகக் குறைவு. ஆனால் பஃபர் இல்லாமல் இந்தப் பெடலை நேரே பிக்கப்பில் மாட்டவே கூடாது. 50 கிலோ ஓம் பிக்கப்பின் குரல்வளையை நெரித்துவிடும்.

இந்த அமைப்பில் மூன்றாவது வழி தேர்வானது. ஸ்டீலின் காலில் பொருத்திய பஃபர், உள்ளீடு 1 மெகா ஓம். ஒரு எச்சரிக்கை: பாதிப் பெடலில் வரும் அந்த மெல்லிய மங்கல், பாட் பெடலில் காலம் காலமாக வாசித்தவர்களின் கைப்பழக்கத்தோடு கலந்துபோன ஒன்று. அது முற்றிலும் போனால் பறிப்பின் தொடக்கம் கூர்மையாகிக் கேட்கும். அப்படி உறுத்தினால் பெடலின் வெளியீட்டில் சில ஆயிரம் பிகோஃபாரட்டை ஒரு சுவிட்ச் வழியே சேர்த்துக்கொள்ளலாம். சிறிய அளவில் தொடங்கிப் பார்ப்பது நல்லது.

பெடலை பிரீஆம்புக்குப் பின்னால், லைன் அளவில் போடுவோரும் உண்டு. பிரீஆம்புக்கு எப்போதும் முழு சிக்னல் கிடைக்கிறது, இரைச்சலும் பெடலோடு சேர்ந்து இறங்குகிறது, நல்ல யோசனைதான். அதற்கு 500 கிலோ ஓம் பாட் ஆகாது. அடுத்த பெட்டியின் உள்ளீடு 10 கிலோ ஓம் என்றால் பாட்டின் நடுப்புள்ளியில் 22 டெசிபலுக்கு மேல் கூடுதலாக இழக்கும். பெடலின் முழு வேலையும் பாதத்தின் கடைசிச் சில மில்லிமீட்டரில் ஒடுங்கிவிடும்.

பிரீஆம்ப்

பெடல் ஸ்டீலுக்கு வேண்டியது உடையாத தூய ஒலி, நடுஸ்தாயியை நுணுக்கமாகக் குறைக்கும் வசதி. ஸ்டீலுக்கென்றே வந்த பீவி கோம்போக்களில் நடுஸ்தாயியின் அளவுக்கு ஒரு குமிழ், அலைவெண்ணுக்கு ஒரு குமிழ் என்று இரண்டு வைத்தது இதற்காகத்தான். வாசிப்பவர்கள் 800 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்துக் குறைப்பது வழக்கம். மூக்கால் பாடுவது போன்ற அந்த ஒலி அங்கேதான் குடியிருக்கிறது. தேர்ந்தெடுக்கும் பிரீஆம்பில் இந்த வசதி இல்லையென்றால் ஒரு பாராமெட்ரிக் ஈக்யூ சேர்க்க வேண்டும். 800 ஹெர்ட்ஸ், ஓர் ஆக்டேவ் அகலம், 4 டெசிபல் குறைப்பு என்று தொடங்கி, காதால் மேலும் கீழும் நகர்த்திப் பார்க்கலாம்.

வால்வ் பிரீஆம்புகளில் அலெம்பிக் எஃப்-2பி ஸ்டீல்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் ஒன்று. ஃபெண்டர் பாணி டோன் சர்க்யூட், 1 யூனிட், இரண்டு சேனல். சார்னோ ரெவலேஷன் ஸ்டீலை மனதில் வைத்தே வடிவமைத்தது. டிஜிட்டலில் பீவி புரோஃபெக்ஸ் II ஸ்டீல் ரேக்குகளில் நிறைய இடம்பிடித்திருந்தது.

எந்த வால்வ் பிரீஆம்பை எடுத்தாலும் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: வெளியீடு நேரே வால்வின் ஆனோடிலிருந்து வருகிறதா, மின்மறுப்பைத் தாழ்த்தும் கேத்தோடு ஃபாலோயர் வழியாக வருகிறதா? 12ஏஎக்ஸ்7 வால்வின் ஆனோடிலிருந்து நேரே எடுத்தால் வெளியீட்டு மின்மறுப்பு 38 கிலோ ஓம் அளவில் இருக்கும். கிட்டார் ஆம்புக்குள் அடுத்த கட்டம் 1 மெகா ஓம் என்பதால் அங்கே சிக்கல் இல்லை. ரேக்கில் அடுத்து நிற்பது 10 கிலோ ஓம் உள்ளீடு கொண்ட பவர் ஆம்ப். சிக்னல் 13 டெசிபலுக்கு மேல் விழும். கப்லிங் கபாசிட்டர் 0.022 மைக்ரோஃபாரட் என்றால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸும் சரியத் தொடங்கும். சி6 கழுத்தின் பத்தாவது தந்தி 65 ஹெர்ட்ஸ். சுருதி மாற்றும் எட்டாம் பெடலை அழுத்தினால் அது ஏ சுருதிக்கு, அதாவது 55 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். இந்தப் பொருத்தமின்மையில் அந்தத் தந்தி இருந்தும் இல்லாத மாதிரிதான். “இந்த பிரீஆம்புக்குக் கனமே இல்லை” என்று விற்கப்படும் பெட்டிகளில் சிலவற்றுக்கு உண்மையான நோய் இதுதான். 100 கிலோ ஓம் அல்லது அதற்கு மேல் உள்ளீடு கொண்ட பவர் ஆம்பையோ நடுவில் ஒரு லைன் பஃபரையோ வைத்தால் அவை தெளிந்துவிடும்.

வெடிப்பு எங்கிருந்து வந்தது

பிராசஸரின் உள்ளீட்டு அளவை வைக்கும்போது பெடல் பாதியில் இருந்தது. முழுப் பெடலில் சிக்னல் 10, 12 டெசிபல் கூடும். இரும்பு விரல் பிக்கால் மூன்று தந்தியைப் பறித்தால் ஸ்டீல் பிக்கப்பின் உச்சம் 1 வோல்ட்டைத் தாண்டுவது சாதாரணம். டிஜிட்டல் உள்ளீடு வால்வ் மாதிரி மெல்ல மடங்காது, எல்லையில் வெட்டிவிடும். பவர் ஆம்பின் மீட்டர் அதற்குப் பிந்திய இடத்தைக் காட்டுவதால் அதைப் பார்த்துப் பயனில்லை. உள்ளீட்டு அளவைப் பெடலை முழுதாக அழுத்தி, வாசிப்பிலேயே அதிகப் பலத்தோடு பறித்துத்தான் வைக்க வேண்டும். உச்ச விளக்கு எரியும் இடத்திலிருந்து 6 டெசிபல் கீழே நிறுத்துவது பாதுகாப்பு. பிராசஸரின் கேட், கம்ப்ரஸர், ஸ்பீக்கர் சிமுலேஷன் மூன்றும் அணைந்திருக்க வேண்டும். குறைந்த ஒலியை அடைத்துவிடும் கேட் குறிப்பாகக் கேடு: தேயும் ஒலியைப் பெடலால் பிடித்துத் தூக்குவதே ஸ்டீலின் உயிர், கேட் அந்த வாலை நறுக்கிவிடும்.

பவர்

90 வாட் ஏன் போதவில்லை? ஸ்டீல் வாசிப்பவர் பெடலைப் பாதியில் வைத்துப் பறிக்கிறார், ஒலி தேயத் தேயப் பெடலைக் கூட்டுகிறார். கேட்கும் அளவு சமமாக இருந்தாலும், அமைப்பு எப்போதும் 10 டெசிபல் கையிருப்பு வைத்திருக்க வேண்டும். 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு வாட். சராசரியாக 15 வாட்டில் வாசிப்பவருக்கு 150 வாட் உச்சம் தேவை, பேஸ் தந்திகளுக்கு அதற்கும் மேல். ஸ்டீலுக்கான கோம்போக்கள் 200 வாட்டைச் சுற்றி வந்ததற்குக் காரணம் இதுதான், உரத்து வாசிக்க வேண்டும் என்பதல்ல.

அதோடு ஸ்பீக்கரின் உணர்திறன். பழைய கோம்போவின் 15 அங்குலம் 1 வாட், 1 மீட்டரில் 102 டெசிபல். புதிய மேடைக் கேபினெட் 96. வித்தியாசம் 6 டெசிபல், அதாவது நான்கு மடங்கு வாட். 90 வாட் ஆம்ப் அந்தக் கேபினெட்டில் செய்யும் வேலையைப் பழைய ஸ்பீக்கர் 23 வாட்டில் செய்துவிடும். இரண்டு கேபினெட்டும் ஒரே சிக்னலை ஒலித்தால் தாழ்ஸ்தாயியில் கொஞ்சம் மீட்பு கிடைக்கும். பல ஸ்டீரியோ கோரஸ்கள் ஒரு பக்கத்துக்குத் தாமத சிக்னலைத் தலைகீழாக்கி அனுப்புகின்றன. கோரஸ் போட்டதும் அந்த மீட்பும் போய்விட்டது. நான்காவது குறை அங்கே பிறந்தது.

பவர் ஆம்பைப் பிரிட்ஜ் செய்து ஒரே சேனலாக்கலாமா என்ற கேள்வி வரும். பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலும் சுமையில் பாதியைத்தான் பார்க்கும்; 8 ஓம் கேபினெட் 4 ஓமாகத் தெரியும். இரண்டு கேபினெட்டை இணையாக மாட்டி பிரிட்ஜ் செய்தால் சேனலுக்கு 2 ஓம். பெரும்பாலான ஆம்புகள் அதில் பாதுகாப்பு நிலைக்குப் போய் அடங்கிவிடும், சில எரிந்தும் போகும்.

இந்த அமைப்புக்குத் தேர்ந்தது 8 ஓமில் சேனலுக்கு 200 வாட் தரும், ஸ்விட்சிங் பவர் சப்ளை கொண்ட ஆம்ப். எடை குறைவு என்பது ஒரு காரணம். கனத்த டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் இல்லை என்பது இன்னொன்று. வாங்குமுன் சரிபார்க்க வேண்டிய எண் அதன் கெயின், அதாவது பெருக்கும் அளவு. 8 ஓமில் 200 வாட்டுக்கு 40 வோல்ட் வேண்டும். கெயின் 26 டெசிபல், அதாவது 20 மடங்கு என்றால் உள்ளீட்டில் 2 வோல்ட் தேவை. 32 டெசிபல், 40 மடங்கு என்றால் 1 வோல்ட் போதும். பிரீஆம்ப் 1 வோல்ட்டுக்கு மேல் சுத்தமாகத் தராது என்றால் 26 டெசிபல் ஆம்ப் கால்பங்கு பவரோடு நின்றுவிடும். விற்பனைத் தாளில் வாட் பெரிய எழுத்திலும் கெயின் சின்ன எழுத்திலும் இருக்கும். பார்க்க வேண்டியது சின்ன எழுத்தைத்தான்.

ஸ்பீக்கர்

மூன்றாவது குறைக்குக் காரணம் ஹார்ன். ஈ9 கழுத்தின் மூன்றாம் தந்தி திறந்த நிலையில் 415 ஹெர்ட்ஸ், 24ஆம் கட்டத்தில் 1,660. அதன் மேற்சுரங்களும் 5,000 ஹெர்ட்ஸுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கு மேலே இருப்பது பிக்கின் உரசலும் பாரின் சீறலும். ஹார்ன் இல்லாத 15 அங்குலம் அங்கே தானாகவே அடங்கிவிடும். ஜேபிஎல் டி130, பீவி பிளாக் விடோ இரண்டும் ஸ்டீல்காரர்களிடம் பேர் வாங்கியவை. இரண்டுமே 4 அங்குல வாய்ஸ் காயிலும் அலுமினியக் குமிழும் கொண்டவை. தெளிவும் தாக்குப்பிடிப்பும் அதனால்தான். எமினென்ஸின் இபிஎஸ்-15சி ஸ்டீலுக்கென்றே வந்தது. எடைதான் முதல் கவலை என்றால் நியோடிமியம் காந்தம் கொண்டவற்றைப் பார்க்கலாம். மேல்ஸ்தாயியில் அவற்றின் சுபாவம் மாடலுக்கு மாடல் வேறுபடும், கேட்காமல் வாங்கக் கூடாது.

ஸ்டீரியோவை விட்டு, ஒரு கேபினெட் உலர் (மூல ஒலி மட்டும்), ஒரு கேபினெட் ஈரம் (எஃபெக்ட்ஸ் மட்டும்) என்று பிரித்ததுதான் இந்த அமைப்பின் பெரிய திருப்பம். இதற்காகச் சேர்த்த தனி வால்வ் பிரீஆம்பின் ஒரு வெளியீடு நேரே பவர் ஆம்பின் முதல் சேனலுக்கும் 15 அங்குலக் கேபினெட்டுக்கும். இன்னொரு வெளியீடு எஃபெக்ட்ஸ் யூனிட்டுக்கு. அதில் கலவை 100 சதவீதம் ஈரம். அங்கிருந்து இரண்டாம் சேனல், 12 அங்குலக் கேபினெட். மூல ஒலி டிஜிட்டல் மாற்றத்துக்குள் நுழைவதே இல்லை. கோரஸ் தலைகீழானாலும் சி6 பேஸ் 15 அங்குலத்தில் பத்திரம். ரிவெர்ப் எவ்வளவு என்பதை இரண்டாம் சேனலின் குமிழே தீர்மானிக்கும். ஆழமான ஸ்டீரியோ டிலே வேண்டுவோருக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு மூன்று கேபினெட் வேண்டும், எடைக் கணக்கு மறுபடி தொடங்கிவிடும்.

ரேக்கைக் கட்டுதல், ஹம்

ஒரு யூனிட் 44.45 மில்லிமீட்டர். மேலிருந்து கீழாக: பிரீஆம்ப் 1, எஃபெக்ட்ஸ் 1, காற்றுக்கு வெற்றிடம் 1, பவர் ஆம்ப் 2. ஒரு யூனிட் இழுப்பறையோடு மொத்தம் 6. பவர் ஆம்பைப் பின்பக்க ரெயிலிலும் தாங்க வேண்டும், முன் திருகுகள் நான்கை மட்டும் நம்பினால் பயணத்தில் முகப்புத் தகடு வளையும். ரேக்கைக் கேபினெட்டின் மேல் வைக்கக் கூடாது: 55 ஹெர்ட்ஸ் அதிர்வில் பழைய 12ஏஎக்ஸ்7 மணிபோல ஒலிக்கத் தொடங்கும், ரிலேக்களும் சாக்கெட்டுகளும் தளரும்.

ஹம்மில் இரண்டு வகை கலந்திருந்தது. இருக்கையைத் திருப்பும்போது மாறுவது காந்தப்புலம், பிக்கப் நேரே பிடிப்பது. ரேக்கைப் பிக்கப்பிலிருந்து 2 மீட்டராவது தள்ளி, மெதுவாகத் திருப்பி, ஹம் குறையும் கோணத்தில் நிறுத்த வேண்டும். எப்படித் திருப்பினாலும் மாறாதது கிரவுண்ட் லூப். பெட்டிகளின் உலோக உடல் ரேக் ரெயில் வழியே ஒன்றையொன்று தொடுகிறது, கேபிளின் ஷீல்டும் தொடுகிறது. நைலான் வாஷர் போட்டு பிரீஆம்பை ரெயிலிலிருந்து பிரித்தாலே பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் எஃபெக்ட்ஸுக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். மின்சாரப் பிளக்கின் எர்த்தை எக்காரணம் கொண்டும் துண்டிக்கக் கூடாது. ஸ்டீல் வாசிப்பவரின் இரு கைகளும் எப்போதும் தந்தியிலும் இரும்புப் பாரிலும் இருக்கின்றன. ஒரு பெட்டியில் மின்கசிவு வந்தால் பாயும் வழி அவர் உடல்தான்.

அளவு வைக்கும் வரிசை: பவர் ஆம்பின் இரு குமிழும் பூஜ்யம். பெடல் முழு அழுத்தம். பலமாகப் பறித்தபடி பிரீஆம்பின் கெயினை உடைசல் கேட்காத உச்சம் வரை ஏற்றி, கொஞ்சம் இறக்கவும். எஃபெக்ட்ஸ் உள்ளீட்டை 6 டெசிபல் கையிருப்போடு வைக்கவும். பெடலைப் பாதிக்குக் கொண்டுவந்து, முதல் சேனலை வாசிக்கும் அளவுக்கு ஏற்றவும்; பிறகு இரண்டாம் சேனல். வாசிக்காதபோது சீறல் கேட்டால் பவர் ஆம்ப் குமிழ் அளவுக்கு மேல் திறந்திருக்கிறது, பிரீஆம்ப் தூங்குகிறது என்று பொருள். அந்தக் குமிழைக் குறைப்பதால் பவர் குறையாது, உணர்திறன்தான் குறையும். இயக்கும்போது பவர் ஆம்ப் கடைசி, அணைக்கும்போது அதுவே முதல்.

ஐந்து குறைகளில் நான்கு தீர்ந்தன. ஹம் முழுதாகத் தீரவில்லை. மேடை விளக்கின் டிம்மர்கள் சிங்கிள் காயிலுக்குக் கொடுக்கும் இரைச்சலுக்கு ரேக்கில் மருந்து கிடையாது, பிக்கப்பை இரட்டைக் காயில் கொண்ட ஹம்பக்கராக மாற்றினால்தான் உண்டு. எடை குறைந்ததா என்றால், மொத்தமாக இல்லை. 30 கிலோ ஒரே பெட்டியாக இருந்தது மூன்று சுமையாகப் பிரிந்தது. தூக்கும் முதுகுக்கு அது போதும்.

கூடியது கேபிள் எண்ணிக்கை. கோம்போவில் இரண்டு, இப்போது பஃபர், பெடல், பிரீஆம்ப், எஃபெக்ட்ஸ், இரு சேனல், இரு ஸ்பீக்கர் என்று எட்டு, பவர் கார்டு தனி. அதனால் இழுப்பறையில் நிரந்தரமாக இருக்க வேண்டியவை: 6 மீட்டர் கிட்டார் கேபிள் ஒன்று, இரண்டு குட்டிப் பேட்ச் கேபிள், சோதித்த 12ஏஎக்ஸ்7 ஒன்று, பஃபருக்கு அடாப்டர் அல்லது பேட்டரி, மாற்று ஃப்யூஸ், பழைய 500 கிலோ ஓம் பெடல். பஃபர் செத்தால் 50 கிலோ ஓம் பெடலும் பயனற்றுப்போகும். அந்த நேரத்தில் பழைய பெடலை மாட்டி, ரேக்கை அருகே இழுத்து, 2 மீட்டர் கேபிளில் வாசித்து முடித்துவிடலாம்.